விருந்தாளி உலகம்மை, வயது இருபத்தொன்பது

முத்துமங்கலம் வடக்குத் தெரு பதினோராம் நம்பர் வீட்டுக்குச் சொந்தக்காரி எண்பது வருஷமாகக் காணாமல் போயிருந்தாள் என்பது, அந்த வீட்டின் கூரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிளந்துகொண்டு சாம்பார்ச் சட்டிக்குள் விழுகிறவரைக்கும், அங்கே குடியிருந்த யாருக்கும் ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. குடியிருந்தவர்கள் நாலு பேர்: பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த செண்பகவடிவு, கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன் சொர்ணலிங்கம், அண்ணன் மனைவி, அவர்கள் மகள் சுபாஷினி. வடிவுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை சொன்னாள். சொன்ன தோரணையைப் பார்த்து இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை. ஆனால் சுபாஷினிக்கு வருகிற ஆவணியில் கல்யாணம் பேசி முடித்திருந்தது. அதற்குள் வீட்டை எடுத்துக் கட்டிவிடலாம் என்று அண்ணனும் தங்கையும் வரைபடமும் பத்திரமுமாக நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள்.

அங்கே இருந்த ஊழியர் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். அது 1930-ஆம் வருஷத்துப் பத்திரம். தன் மகளுக்குச் சீதனப் பாக்கியாக ஒரு தகப்பன் எழுதிக் கொடுத்தது. கடைசிப் பக்கத்தில் மகளின் இடது பெருவிரல் ரேகை நசுங்கின நாவல்பழம் மாதிரிக் கறுப்பாகப் பதிந்திருந்தது.

"உலகம்மைங்கிறது யாரு?" என்று கேட்டார்.

"எங்க தாத்தாவோட அம்மா" என்றாள் வடிவு.

"வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"அவங்க சித்தாத்துல விழுந்து செத்துப்போனாங்க சார். 1931-லேயே."

"அப்போ இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க."

"ஆத்தோட போயிட்டாங்க. ஆளே கிடைக்கலை" என்றார் சொர்ணலிங்கம்.

ஊழியர் பத்திரத்தை மூடி இவர்கள் பக்கமாகத் தள்ளினார். "ஆள் கிடைக்கலைன்னா சாகலை. சாகலைன்னா வந்து கையெழுத்துப் போடணும். இதுல நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?"

சொர்ணலிங்கம் வழியெல்லாம் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தார். வடிவு திட்டவில்லை. முப்பது பிள்ளைகளின் விடைத்தாளை ஒரே மூச்சில் திருத்துகிற அவளுக்கு, அந்த ஊழியர் சொன்னதில் ஒரு படி கூடத் தப்பில்லை என்பதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

அது 2011, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருஷமாகவும் இருந்தது. மற்ற டீச்சர்களைப்போல வடிவுக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும், தோளில் தொங்கவிட ஒரு பையும், எண்ணி எழுத நூற்றிருபது வீடுகளும் கொடுத்திருந்தார்கள். அந்த அட்டையைப் பார்த்ததும் நகராட்சியின் பழைய காகித அறைக்குப் பொறுப்பாக இருந்த காசிராஜன் மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்துவிட்டார். கணக்கெடுத்த தாள்களைக் கூட்டிப் பார்த்து முடித்ததும் அழித்துவிடுவதுதான் எல்லா ஊரிலும் வழக்கம். முத்துமங்கலத்தில் மட்டும், ஆள் பெயர் எழுதின தாளைக் கிழித்தால் அந்த ஆளுக்கு ஆகாது என்று எந்தக் காலத்திலோ ஒரு குமாஸ்தா பயந்து நகல் நோட்டுகளை மூட்டை கட்டி வைக்க, அவருக்குப் பிறகு வந்தவர்கள் அவருக்குப் பயந்து வைக்க, அவர் செத்தபிறகு வந்தவர்கள் பழக்கத்தால் வைக்க, மூட்டைகள் உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன.

1931-ஆம் வருஷ நோட்டில் வடக்குத் தெரு பதினோராம் நம்பரை வடிவு கண்டுபிடித்தாள். குற்றாலிங்கம் பிள்ளை, வயது முப்பத்தாறு, குடும்பத் தலைவர். அவர் தாயார், ஐம்பத்தெட்டு. மூத்த மகன், ஒன்பது. அவன்தான் வடிவின் தாத்தா. இளைய மகன், ஆறு. ஐந்தாவதாக லெட்சுமி, நான்கு என்று எழுதி, மேலதிகாரி யாரோ சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'மாடுகளை எழுத வேண்டாம்' என்று கண்டித்திருந்தார். உலகம்மை என்ற பெயர் அடித்துக்கூட இல்லை.

"ஒருவேளை கணக்கெடுக்கதுக்கு முந்தியே செத்திருப்பாங்களோ?" என்றார் காசிராஜன்.

"கணக்கெடுத்த அன்னைக்குத்தான் ஆத்துல விழுந்தாங்கன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. காலையில உயிரோட இருந்திருக்காங்களே, காலையில வந்தவரு ஏன் எழுதலை?"

காரணம் நோட்டில் இல்லை. வடிவு 1941-ஆம் வருஷ மூட்டையை அவிழ்த்தாள். தெற்குத் தெரு மூன்றாம் நம்பர் வீட்டில், அந்தக் குடும்பத்து ஆட்களுக்கெல்லாம் கீழே, 'உலகம்மை, பெண், வயது இருபத்தொன்பது, விருந்தாளி' என்று எழுதி, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'சொந்த வீட்டில் எழுதப்படுவார்' என்று முடித்திருந்தது. அதே பெயரில் வேறு யாரோ என்று வடிவு நினைத்தாள். 1951-ல் பிள்ளையார் கோயில் தெருவில் ஒரு வீட்டில் உலகம்மை, இருபத்தொன்பது, விருந்தாளி, குறுக்கே கோடு. 1961-ல் ஆற்றங்கரைத் தெருவில் இருபத்தொன்பது, விருந்தாளி, கோடு. 2001 வரைக்கும் ஏழு கணக்கெடுப்பு, ஏழு வீடு, ஒரே பெயர், ஒரே வயது. ஏழு தடவையும் ஏழு எழுத்தர்கள் சொந்த வீட்டில் எழுதிக்கொள்வார்கள் என்று நம்பி அவளை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பத்து வயது கூட வேண்டும் என்பது கணக்கு. கூடவில்லை. வடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் கூடவில்லை.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த ஏழு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போனாள். உலகம்மை என்று ஒருத்தி உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தாளாமே, யார் அது என்று கேட்டாள். தெற்குத் தெருக்காரர்கள், "ஓ, சுரண்டை அத்தையைக் கேக்கியளா? போன தையில எங்க வீட்டுக் காதுகுத்துக்கு வந்தாவளே" என்றார்கள். பிள்ளையார் கோயில் தெருக்காரர்கள், "அது எங்க கடையத்துச் சித்தி" என்றார்கள். ஆற்றங்கரைத் தெருவில் அவள் செங்கோட்டை மதினி. சுரண்டை அத்தை யாருடைய தங்கை என்று கேட்டால் அது பெரிய சித்தப்பா வீட்டு வழி என்றார்கள். பெரிய சித்தப்பா வீட்டில் கேட்டால் அவள் சம்பந்தி வீட்டு வழி என்றார்கள். சம்பந்தி வீட்டில் கேட்டால் உங்க தெருக்காரவிய சொந்தம்னுல்லா நாங்க நெனச்சோம் என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஓரம் தீய்ந்த கறுப்பு வெள்ளைப் படத்திலும், சாயம் ஏற்றின படத்திலும், மேகத்துக்குள் மாப்பிள்ளை தலை மிதக்கிற கலர்ப் படத்திலும், இரண்டாம் வரிசைக் கடைசியில், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, மூக்குத்தி மின்ன, ஒரே பெண் நின்றாள். சேலை மட்டும் காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் வீடு என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். வந்த விருந்தாளியிடம் போய் நீ யார் என்று கேட்கிற பழக்கம் முத்துமங்கலத்தில் யாருக்கும் இல்லாததால், எண்பது வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆளை எங்கே பிடிக்கலாம் என்பது அதற்குப் பிறகு பெரிய கணக்கில்லை. மாசி மாதம் முதல் முகூர்த்தத்தில் கடைத்தெரு கல்யாண மண்டபத்துக்குப் போனாள் வடிவு. வாசலில் மேசை போட்டு, சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டும் பரப்பி, கையில் பன்னீர்ச் செம்போடு, வருகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லி வாங்க வாங்க என்று அழைத்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண்.

வடிவு பன்னீரை வாங்கிக்கொண்டு கேட்டாள். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

அந்தப் பெண் பன்னீர்ச் செம்பை மேசைமேல் வைத்தாள். வடிவின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"மூத்தவன் பேத்தியா நீ? அவன் மூக்கு அப்படியே இருக்கு" என்றாள். "இத்தனை வருஷத்துல ஒரு ஆளு இதைக் கேக்கலையேட்டி. வா, முதல் பந்தி போட்டுட்டாவ. சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்."

நாற்பத்திரண்டு வயது டீச்சரை ஒரு சின்னப்பெண் ஏட்டி போட்டுக் கூப்பிடுகிறாளே என்று பக்கத்தில் நின்றவர் முகம் சுளித்தார். இரண்டு பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பருப்பும் நெய்யும் விழுந்ததும் உலகம்மை பிசைந்தாள். முதல் கவளத்தை விழுங்கிவிட்டு ஆரம்பித்தாள்.

"அன்னைக்குக் காலையில ரசத்துல உப்புக் கூடிப்போச்சு. அதுக்கு உன் பூட்டன் ஏசினாவ பாரு ஏச்சு. அந்த நேரம் பார்த்துக் கணக்கெடுக்கவரு வந்து நடையில நின்னு, வீட்டுல யார் யாருன்னு கேக்காரு. இவிய சொல்லுதாவ: நான், எங்க அம்மா, பயலுவ ரெண்டு பேரு, லெட்சுமி. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலதான் நிக்கேன். லெட்சுமியைச் சொன்னதும் அடுத்தது நாமதான்னு முந்தானையைக்கூடச் சரி பண்ணிக்கிட்டேன். வேற யாராவது உண்டுமான்னாரு. வேற யாரும் இல்லைன்னுட்டாவ."

"பிறகு?"

"கரண்டியைப் போட்டுட்டுப் புறவாசல் வழியா இறங்கிப் போய் சித்தாத்துப் படித்துறையில உக்காந்துட்டேன். சாகதுக்கு இல்லட்டி, கோவத்துக்கு. வெயில் தாழ்ந்ததும் கோவம் ஆறிப்போச்சு. பயலுவளுக்குப் பசிக்குமேன்னு திரும்பி வந்தா, வாசல்ல எங்க மாமியா நிக்கா. வாங்க வாங்க, எந்த ஊருங்கா. குசும்பு பண்ணுதான்னு நெனச்சேன். மூத்தவன் ஓடிப்போய் சொம்புல தண்ணி கொண்டாந்து, குடிங்க அத்தைன்னான். பெத்த பிள்ளை. இவிய உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்தாவ. பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன், அன்னைக்குத்தான் முதமுதலா உக்காருங்கன்னு மரியாதையா ஒரு வார்த்தை சொன்னாவ."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

"எழுதாம விட்டுட்டாவல்லா, அதோட வயசும் என்னைய விட்டுருச்சு. எமனுக்கும் பேர் தெரியலை போல. யாரு வீட்டுக்குப் போனாலும் வாங்கன்னாவ, இலை போட்டாவ. உன் பூட்டன் செத்ததுக்குப் பதினாறாம் நாள் சாப்பாடு சாப்பிட்டதே நான்தான். வடை நல்லா இருந்தது. நீங்க என்னடான்னா தை அமாவாசைக்குத் தை அமாவாசை என் பேரைச் சொல்லி ஆத்துல எள்ளும் தண்ணியும் விடுதிய. உசிரோட இருக்கவளுக்குத் தண்ணி விட்டா என்ன ஆகும்? வருஷா வருஷம் தை மாசம் ஜலதோஷம் பிடிச்சுப் பத்து நாள் தும்மிக்கிட்டுக் கெடக்கேன்."

"எங்களுக்குத் தெரியாதே..." என்றாள் வடிவு.

"மூத்தவனுக்கு அறுபதாங் கல்யாணம் நடந்ததுல்லா? நீ அப்போ பாவாடை கட்டிக்கிட்டுத் திரிஞ்சே. சின்ன வயசுக்காரவிய எல்லாரும் மணையில இருக்கவிய கால்ல விழுந்து கும்பிடுதாவ. நான் மட்டும் நின்னா நல்லாவா இருக்கும்? நானும் விழுந்தேன். என் பிள்ளை தலை நரைச்சு, பல்லு போயி, என் தலையில கைய வச்சு, தீர்க்காயுசா இரு தாயீன்னான்." உலகம்மை மோர்மிளகாயை இலையின் ஓரத்துக்குத் தள்ளினாள். "தாயீன்னான்ட்டி. எல்லாப் பிள்ளைகளையும் சொல்லுத மாதிரிதான் சொன்னான். ஆனாலும் சொன்னான்லா."

பாயசம் வந்தது. அவள் இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள்.

இந்தச் செய்தி அந்தக் கல்யாணத்தின் மூன்றாம் பந்தி முடிவதற்குள் ஊருக்குள் பரவிவிட்டது. முத்துமங்கலத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாருக்கும் மயக்கம் வரவில்லை, பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லவேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. நூற்றொன்பது வயதுக்காரி இருபத்தொன்பது வயதில் இருப்பதைவிட, அவள் எந்த வீட்டுச் சொந்தம் என்பதுதான் பெரிய விஷயமாக இருந்தது. சுரண்டை அத்தை என்று மூன்று தலைமுறையாகக் கொண்டாடிய தெற்குத் தெருக்காரர்களுக்கு, வடக்குத் தெருக்காரர்கள் திடீரென்று எங்க பூட்டி என்று சொல்வது பொறுக்கவில்லை. எங்க வீட்டுப் பிரசவம் அத்தனைக்கும் மருந்து இடிச்சது அவிய, நீங்க இதுவரைக்கும் ஒரு வாய் காப்பி குடுத்திருப்பியளா என்று கேட்டார்கள். கல்யாணத் தரகர் ஒருவர், ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்பது இவிய ஒருத்திக்குத்தான் தெரியும், அண்ணன் தங்கை முறை ஆகிற நாலு ஜோடியைக் கடைசி நேரத்தில் நிறுத்தினது இவியதான் என்று சாட்சி சொன்னார். அவர் கை காட்டிய நாலு குடும்பமும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றது.

பெண்களுக்கு வேறு யோசனை வந்தது. மறுநாள் காலை வடிவு பையைத் தோளில் போட்டுக்கொண்டு கணக்கெடுக்கக் கிளம்பியபோது, நாற்பதை நெருங்கிய பெண்கள் ஒவ்வொரு வாசலிலும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, டீச்சர், என்னைய மட்டும் இந்தத் தடவை விட்டுருங்க, அடுத்த தடவை பார்த்துக்கிடலாம் என்று கெஞ்சினார்கள். ஒரு மருமகள், அடுப்படிக்குக் கேட்காத குரலில், "என்னைய விட்டுருங்க. எங்க மாமியாவை மட்டும் ரெண்டு தடவை எழுதிக்கிடுங்க" என்றாள். அந்த மாமியார் அதற்கு முன்னாலேயே முடுக்குச் சந்தில் நிறுத்தி இதையே திருப்பிச் சொல்லியிருந்தாள். வடிவு எல்லாரையும் ஒரு தடவை எழுதினாள்.

பதினோராம் நம்பர் வீடும் அவள் எழுதவேண்டிய வீடுதான். அதை அவள் கடைசியாக வைத்துக்கொண்டாள். ஏனென்றால் காசிராஜன் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து அவளிடம் கேட்டார்.

"அவங்களை எழுதப் போறீங்களா டீச்சர்?"

"எழுதினாத்தான் அவங்க கையெழுத்து செல்லும்."

"எழுதினதும் எண்பது வருஷமும் ஒண்ணாச் சேர்ந்து மேல விழுந்துட்டா என்ன பண்ணுவீங்க? உங்க வீட்டுக் கூரை எப்படி விழுந்தது, ஒரே நாள்ல தானே?"

இரண்டு நாளில் ஊரும் இதையே கேட்டுக்கொண்டு வந்தது. தெற்குத் தெருக்காரர்களும் தரகரும் மண்டபத்துக்காரரும் இன்னும் பத்துப் பேரும் வடக்குத் தெரு வீட்டில், ஓட்டை வழியே வெயில் விழுகிற கூடத்தில் உட்கார்ந்து, எழுதக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றார்கள். ஒருத்தர் என் மகள் கல்யாணம் முடிகிற வரைக்குமாவது என்றார். சொர்ணலிங்கமே, "வேண்டாம்மா வடிவு. வீடு போனாப் போகுது. வாடகை வீடு பார்த்துக்கிடலாம். நம்ம வீட்டுக்கு வந்தவங்களை நாமளே..." என்று சொல்லி முடிக்கமுடியாமல் எழுந்துபோய் முகம் கழுவினார்.

"அவங்ககிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள் வடிவு.

யாரும் கேட்கவில்லை. உலகம்மை அன்று வேறொரு வீட்டில் வளைகாப்பில் இருந்தாள். ஆள் போய்க் கூட்டிக்கொண்டு வந்தது. கை நிறையக் கண்ணாடி வளையலும் வாய் நிறைய வெற்றிலையுமாக வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். வந்தவர்கள் எல்லாரும் எழுந்து, வாங்க, உக்காருங்க என்றார்கள்.

"பார்த்தியா, உக்காருங்கங்காவ" என்று வடிவிடம் சொன்னாள். "எண்பது வருஷமா உக்காருங்க, சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் வச்சுக்கிடுங்க. ஒருத்தராவது, ஏ உலகு, அந்த விளக்குமாத்தை எடுன்னு சொல்லியிருப்பாவளா? நின்ன பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்துகிட்டு, போறவிய வாரவியளுக்கெல்லாம் கைகாட்டிக்கிட்டு இருந்திருக்கேன். ரெண்டு பிள்ளையும் என் கண்ணு முன்னால கிழவனாகிப் போய்ச் சேர்ந்தானுவ. எழுதுட்டி."

"எண்பது வருஷமும் ஒரேயடியா..." என்று வடிவு இழுத்தாள்.

"விழுந்தா விழட்டும். நீ நோட்டை எடு."

வடிவு பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். தெருவில் போனவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"பெயர்?"

"உலகம்மை."

"குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?"

"வீடு யாரு பேர்ல இருக்கு?"

"உங்க பேர்ல."

"அப்போ நான்தான் தலைவர். எனக்கு இவிய எல்லாம் என்ன உறவுன்னு அப்புறம் கேட்டு எழுது."

சொர்ணலிங்கம் தலையை ஆட்டினார். வடிவு எழுதினாள். திருமண நிலை கேட்டாள். கைம்பெண் என்று பதில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டாள். ரேஷன் கடைப் பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டப் படிச்சுக்கிட்டேன் என்று பதில் வந்தது. வயது என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதி முடித்தாள். அப்புறம் அந்தக் கட்டத்துக்கு வந்தாள்.

பயிற்சி வகுப்பில் கொடுத்த விதிப் புத்தகத்தை வடிவு மூன்று நாளாகப் பக்கம் விடாமல் படித்திருந்தாள். பதில் சொல்கிறவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், சான்று எதையும் கேட்கக்கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவள் பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் பண்ணியிருந்தாள். ஆனால் பதிலை நாமே சொல்லிக்கொடுத்து வாங்கக்கூடாது என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அதனால் உலகம்மையின் கண்ணையே பார்த்துக்கொண்டு, முடிந்தவரை மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க... என்ன... வயசுன்னு... சொல்றீங்க?"

உலகம்மை வெற்றிலையை மென்றுகொண்டே கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். நூற்றொன்பது என்று தெரிந்தவர்கள் அத்தனை பேரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். அவள் கன்னத்தில் சிரிப்புக் குழி விழுந்தது.

"இருபத்தொன்பது. பார்த்தாத் தெரியலையா?"

வடிவு இருபத்தொன்பது என்று எழுதி, அடியில் தன் கையெழுத்தையும் போட்டாள். எல்லாரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். ஒரு ஓட்டுச்சில் கூட விழவில்லை. உலகம்மை அங்கேயே, அதே கறுப்புக் கூந்தலோடு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "எச்சிலைத் துப்பணும்னா புறவாசலுக்குப் போங்க, கூடத்துல துப்பிராதீங்க" என்றாள். உலகம்மை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அதுவரை அழாதவள் இதற்கு ஏன் அழுகிறாள் என்று அண்ணன் மனைவிக்குப் புரியவில்லை.

நகராட்சி ஊழியருக்குத்தான் கொஞ்சம் சிரமமாகப் போயிற்று. உள்ளே நுழைந்த உலகம்மையைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று, "வாங்க, நீங்க என் வீட்டுக்காரி வழிச் சொந்தம்லா" என்றார். இல்லை, நான்தான் இந்தப் பத்திரத்துக்காரி என்று அவள் இடது பெருவிரலை நீட்டினாள். அவர் மையில் ஒற்றி, பழைய ரேகைக்குப் பக்கத்தில் புது ரேகையை வைத்து, பூதக் கண்ணாடியால் அரைமணி நேரம் பார்த்தார். சுழியெல்லாம் ஒன்றாகவே இருந்தது. பத்திரத்துக்கு எண்பத்தோரு வயது, சொந்தக்காரிக்கு இருபத்தொன்பது என்று தாளில் குறித்து வைத்துக்கொண்டு விதிகளைப் புரட்டினார். பத்திரத்தைவிடச் சொந்தக்காரர் மூத்தவராக இருக்கவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. முத்திரையைக் குத்தினார்.

வீட்டை உலகம்மை யார் பேருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. அது பாட்டுக்கு என் பேர்ல கெடக்கட்டும், நீங்க இருங்க என்று சொல்லிவிட்டாள். வரைபடத்தில் மட்டும் ஒரு மாற்றம் கேட்டாள். அடுக்களைக் கதவு எங்கோ பின்னால் இருக்கவேண்டாம், கூடத்தைப் பார்த்து இருக்கட்டும், நோட்டும் கையுமாக எவன் வந்து நின்றாலும் உள்ளே யார் கரண்டி பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவேண்டும் என்றாள். கொத்தனார் அப்படியே கட்டினார்.

ஆவணியில் சுபாஷினி கல்யாணம் நடந்தது. ஊரே வந்திருந்தது. உலகம்மை பழக்கதோஷத்தில் முதல் பந்தியில் போய் இடம்பிடித்து, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் மனைவி வேகமாக வந்தாள்.

"என்ன, நீங்க பாட்டுக்கு உக்காந்துட்டிய? நம்ம வீட்டுக் கல்யாணம். முதல்ல சம்பந்தகாரவிய சாப்பிடட்டும். எந்திரிங்க, அந்தச் சாம்பார் வாளியைப் பிடிங்க."

உலகம்மை சட்டென்று எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். நாலு பந்திக்குக் குனிந்து குனிந்து சாம்பார் ஊற்றினாள், ரசம் ஊற்றினாள், போதும் என்றவர்களையும் விடாமல், நல்லாச் சாப்பிடுங்க என்று அதட்டினாள். வீட்டு ஆட்கள் உட்கார்ந்த கடைசிப் பந்தியில் வடிவுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தபோது மணி மூன்றரை. கூட்டு தீர்ந்துவிட்டது. பாயசம் தீர்ந்துவிட்டது. அப்பளம் நொறுங்கினது நாலு துண்டு இருந்தது. அவள் சோற்றில் கை வைக்காமல், இடது கையால் இடுப்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ சத்தம் கேட்டு உற்றுக் கவனிக்கிறவளைப்போல அசையாமல் இருந்தாள்.

"என்ன செய்யுது?" என்று வடிவு பயந்துபோய்க் கேட்டாள்.

"இடுப்பு வலிக்குதுட்டி" என்றாள் உலகம்மை. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

வடிவு தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தாள்.

"முப்பது ஆகப் போகுதுல்லா. இனிமே அப்படித்தான் இருக்கும். சாப்பிடு."